முன்னுரைக்கு முன்னால்

தூத்துக்குடியில் ஒரு கட்டுரைப் போட்டிக்கு நடுவராக வர வேண்டும் என்று கடிதம் வந்தது. கதை எழுதுகிறவனைக் கூப்பிட்டுக் கட்டுரைக்கு மார்க்குப் போடச் சொல்வது, தச்சனை அழைத்துக் கொத்து வேலையை மேற்பார்க்கச் சொல்வது போலத்தான். அதோடு நான் கல்லூரியை இரண்டு வருஷத்தோடு விட்டவன். இருந்தாலும் தூத்துக்குடி மக்ரூனும் கடற்காற்றும் கூப்பிட்டன; முத்துநகர் எக்ஸ்பிரஸில் ஏறிவிட்டேன்.

பதினோராம் வகுப்புப் பிள்ளைகளுக்கான போட்டி. தலைப்பு உண்மையிலேயே நல்ல தலைப்பு: 'மன்னார் வளைகுடாவில் மீண்டும் முத்துக்குளிப்பு நடத்த வேண்டும், ஒட்டியோ வெட்டியோ வாதிடுக.' மொத்தம் 43 கட்டுரைகள். ஒரு மேஜை, மூன்று நடுவர்கள், ஒரு மின்விசிறி.

முதல் கட்டுரையைப் படித்தேன். 'முன்னுரை' என்று எழுதி அடியில் இரண்டு கோடு. கொற்கை வந்தது, பாண்டியன் வந்தான், ரோமாபுரிக்குக் கப்பல் போயிற்று. அப்புறம் 'பொருளுரை'. அதற்குள்ளே முத்தின் பெருமை, முத்தின் வகை, முத்தின் பயன் என்று மூன்று திண்ணைகள். கடைசியில் 'முடிவுரை': ஆகவே நாம் அனைவரும் நம் முத்தின் பெருமையைக் காக்கப் பாடுபடுவோமாக. இரண்டாவது கட்டுரையிலும் கொற்கையிலிருந்து கப்பல் புறப்பட்டது. பத்தாவது கட்டுரைக்கு வரும்போது ரோமாபுரித் துறைமுகத்தில் கப்பல் நிறுத்த இடமிருந்திருக்காது.

கொற்கை மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை. ஆனால் யார் ஒட்டி எழுதியது, யார் வெட்டி எழுதியது என்று தெரிந்துகொள்ள ஒவ்வொன்றிலும் முடிவுரை வரைக்கும் நடக்க வேண்டியிருந்தது. ஏழு பேர் விஷயத்தில் அங்கே போயும் தெரியவில்லை. வாதம் செய்யச் சொன்ன இடத்தில் பிள்ளைகள் வரவேற்புரை வாசித்துவிட்டுப் போயிருந்தார்கள்.

முப்பத்தொன்றாவதோ முப்பத்திரண்டாவதோ, ஒரு பெண்ணின் கட்டுரை. தலைப்புக் கோடு ஒன்றும் இல்லை. மீண்டும் முத்துக்குளிக்கலாம் என்பவர்கள் விவரம் தெரியாதவர்கள் அல்ல என்று ஆரம்பித்தது. முதல் பக்கம் முழுவதும் அவர்கள் கட்சியைத்தான் சொல்லியிருந்தாள். கடைசி முத்துக்குளிப்பு 1961இல் நடந்தது. அதற்கு முன் 1955 முதல் வருஷந்தோறும் நடந்தது. மூச்சடக்கிக் குளிக்கத் தெரிந்தவர்கள் சங்கு குளிக்கும் வீடுகளில் இன்றும் இருக்கிறார்கள். அரசாங்கத்துக்கு வருமானம், ஊருக்கு வியாபாரம். படிக்கும்போது இந்தப் பெண் ஒட்டித்தான் எழுதுகிறாள் என்று தீர்மானித்துவிட்டேன். இரண்டாம் பக்கத்தில் ஒரே ஒரு கேள்வி கேட்டாள்: பாரில் சிப்பி இருக்கிறதா? அந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு மீதி இரண்டு பக்கமும் போயிற்று. அவள் அம்மாவின் தாத்தா முத்துக்குளிப்பில் கயிறு பிடித்தவராம். அவர் வீட்டில் சொல்லி வைத்ததெல்லாம் அங்கே சாட்சியாக வந்தது. பிறகு, பேனாவில் மை தீர்ந்தது போல, ஒரு வாக்கியத்தில் கட்டுரை சட்டென்று நின்றுவிட்டது.

எனக்கு இது முதல் பரிசு. மற்ற இருவருக்கும் இது பரிசே இல்லை.

அவர்களில் ஒருவர் ஓய்வுபெற்ற தமிழாசிரியர். தங்கமான மனிதர். "அண்ணாச்சி, புள்ள நல்லா எழுதியிருக்கு, நான் இல்லங்கல. ஆனா உறுப்பு இல்லையே! தலையும் இல்ல, காலும் இல்ல. முண்டத்துக்கா மாலை போடச் சொல்லுதிய?" என்றார்.

அவர் கட்சியைச் சரியாகச் சொல்லிவிட வேண்டும். வீட்டில் புத்தகம் என்று ஒன்று இல்லாத பிள்ளை, பரீட்சைக் கூடத்தில் வெறும் தாளைப் பார்த்து விழிக்கிறது. 'முன்னுரை' என்று எழுதிக் கோடு போட்டால் கை ஓட ஆரம்பிக்கிறது. உள்ளேயிருந்து ஏதோ வருகிறது. சட்டகத்தை எடுத்துவிட்டால், பேசத் தெரிந்த வீட்டுப் பிள்ளைகள் ஜெயிக்கும்; மற்றப் பிள்ளைகள் வெறும் தாளைக் கொடுத்துவிட்டு வரும். முப்பது வருஷம் வகுப்பில் நின்றவர் இதைச் சொல்லும்போது, வகுப்பில் ஒரு நாளும் நிற்காத நான் வாயை மூடிக்கொள்வதுதான் மரியாதை. இந்த அளவுக்கு அவர் சொல்வது வாஸ்தவம் என்று அங்கேயே ஒப்புக்கொண்டேன்.

ஆனால் சட்டகம் வேண்டாம் என்றா நான் சொன்னேன்? இந்தச் சட்டகம் வாதத்துக்கு ஆகாது என்பதுதான் என் ஆட்சேபணை. முன்னுரை, பொருளுரை, முடிவுரை என்ற மூன்று அறையில் எதிராளி உட்கார ஒரு முக்காலி உண்டா? வீட்டுக்குள் வருகிறவனுக்கு வணக்கம் சொல்ல ஓர் அறை, போகிறவனுக்கு வணக்கம் சொல்ல ஓர் அறை. சண்டை போட வந்தவனை வாசலிலேயே நிறுத்திவிட்டு அது என்ன வாதம்?

நாம் இப்படி இருந்தவர்கள் அல்ல. மணிமேகலையின் 29ஆம் காதையில் அறவண அடிகள் அந்தப் பெண்ணுக்குத் தருமம் சொல்லுமுன் தருக்கம் சொல்லிக் கொடுக்கிறார். பக்கம், ஏது, திட்டாந்தம்: நான் நிறுவ வந்தது இது, காரணம் இது, கண்ணால் கண்ட உதாரணம் இது. அதோடு விடவில்லை. இந்த ஒவ்வொன்றிலும் போலி எப்படி வரும் என்று நெடுகக் கணக்குப் போடுகிறார். அருணந்தி சிவாசாரியார் சிவஞான சித்தியாரில் பரபக்கத்தைத்தான் முதலில் வைத்தார். உலகாயதன் தொடங்கிப் பிறர் மதங்களை வரிசையாக நிறுத்தி, அவரவர் வாயால் அவரவர் கொள்கையைச் சொல்ல வைத்து, மறுத்து, அதற்குப் பிறகுதான் தம்முடைய சுபக்கத்துக்கு வந்தார். நன்னூல்காரர் நூலுக்கு ஏழு மதம் சொல்கிறாரே, அதில் பிறர் கொள்கையை உடன்படுவதும் இருக்கிறது, மறுப்பதும் இருக்கிறது, கொஞ்ச தூரம் ஏற்றுக்கொண்டு போய்ப் பிறகு களைவதும் இருக்கிறது. அதைப் பவணந்தியார் எழுதி ஏறக்குறைய எண்ணூறு வருஷம் ஆகிறது. தமிழ்ப் பிள்ளைக்கு இதெல்லாம் சொத்து. சொத்தைப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டு, மூன்று தலைப்பைக் கையில் கொடுத்து அனுப்புகிறோம்.

தூத்துக்குடியிலேயே ஒரு வக்கீல் இருந்தார். 1906இல் சுதேசிக் கப்பல் கம்பெனியைப் பதிவு செய்தவர். கோரல் மில் தொழிலாளிகளின் வேலைநிறுத்தத்தில் நின்றவர். 1908இல் இரட்டைத் தீவாந்தர தண்டனை பெற்றவர். அந்த வ.உ.சி. கடைசிக் காலத்தில், 1935இல், சிவஞான போதத்துக்கு உரை எழுதி வெளியிட்டார். சிவஞான போதத்தின் கட்டடத்தைப் பாருங்கள்: மேற்கோள், ஏது, எடுத்துக்காட்டு. கோர்ட்டில் வழக்காடிப் பழகிய மனசுக்கு அந்த நூல் பிடித்துப்போனதில் ஆச்சரியம் இல்லை என்பது என் ஊகம்.

பழம்பெருமை பேசுகிறேன் என்று யாராவது சொல்லுமுன் கடலுக்கு வந்துவிடுகிறேன். கட்டுரைக்குத் திட்டம் போடுவது எப்படி என்று கேட்டால் முத்துக்குளிப்புத் துறைக்காரர்கள் செய்ததைத்தான் காட்டுவேன். அவர்கள் எடுத்த எடுப்பில் தேதி குறித்து, தோணிகளைக் கூப்பிட்டு, பந்தல் போட்டுவிடவில்லை. முதலில் குளியாட்களோடு பார்களுக்குப் போய்ச் சிப்பி இருக்கிறதா, எத்தனை வயதுச் சிப்பி என்று பார்ப்பார்கள். தேறும் என்று தோன்றினால் மாதிரிக்குச் சில ஆயிரம் சிப்பியை மேலே கொண்டு வருவார்கள். அதை அழுகவிடுவார்கள். ஊரே மூக்கைப் பிடித்துக்கொள்ளும். சதையெல்லாம் கரைந்த பிறகு கழுவி, முத்தைப் பொறுக்கி, பித்தளைச் சல்லடைகளில் சலிப்பார்கள். துளையின் அளவு வாரியாகப் பத்துச் சல்லடை. அதற்குப் 'பெட்டி' என்று பெயர். ஆணிமுத்து ஒரு பக்கம் போகும், தூள் ஒரு பக்கம் போகும். வியாபாரிகளை வைத்து, ஆயிரம் சிப்பிக்கு இன்ன விலை பெறும் என்று மதித்த பிறகுதான் குளிப்பு உண்டு அல்லது இல்லை என்று அறிவிப்பு.

வாதம் எழுத உட்காருகிறவனுக்கும் இதே வேலைதான். நான் சொல்ல வந்தது என்ன என்பதை ஒரே வாக்கியத்தில் எழுதிப் பார்க்க வேண்டும். எழுத முடியவில்லையென்றால் பாரில் சிப்பி இல்லை, வீட்டுக்குப் போகலாம். எழுத முடிந்தால், அதற்குத் தோன்றும் காரணங்களையெல்லாம் குவிக்கலாம். என் அனுபவத்தில் முதல் நாள் பத்துப் பன்னிரண்டு தோன்றும். எல்லாம் ஆணிமுத்தாகத்தான் தெரியும். இரண்டு நாள் அப்படியே கிடக்கவிட்டால் நாற்றம் எடுக்கும். பாதி என் கோபம், கால்வாசி யாரோ சொல்லிக் கேட்டது. சலித்தால் மூன்று மிஞ்சும். அந்த மூன்றை வைத்து எழுதத் துணியாமல், தூளையும் சேர்த்துக் கட்டுகிற கட்டுரைதான் தோற்கிற கட்டுரை. எதிராளி உங்கள் ஆணிமுத்தைத் தொடவே மாட்டான். தூளில் ஒரு சிட்டிகை எடுத்து ஊதிக் காட்டுவான், சபை சிரிக்கும்.

ஆகவே சலித்த பிறகு இன்னொரு தாள் எடுத்து, எதிராளியின் கட்சியை அவனே படித்துவிட்டு "ஆமாம், இதைத்தான் சொன்னேன்" என்று தலையாட்டும்படி எழுதிப் பார்ப்பது என் வழக்கம். கையெழுத்துப் பிரதியில் இந்தத் தாள்தான் எனக்கு முதல் பக்கம். அச்சில் அது வந்தாலும் சரி, வராவிட்டாலும் சரி. இரண்டு தடவை, அந்தத் தாளை எழுதி முடித்ததும் நான் எழுத வந்ததையே கைவிட்டிருக்கிறேன். இதில் நஷ்டம் பத்திரிகைக்காரருக்குத்தான்.

இந்தத் தாளை எழுதாததால் வந்த வினைக்கு இதே வளைகுடாவின் அக்கரையிலே ஒரு சரித்திரம் இருக்கிறது. 1902இல் ஹெர்ட்மன் என்ற லிவர்பூல் பேராசிரியர் இலங்கைப் பார்களை ஆராய வந்தார். 1903 முதல் 1906 வரை அவருடைய அறிக்கை ஐந்து பாகமாக வெளிவந்தது. பெரிய உழைப்பு. நாடாப்புழுவின் இளங்குஞ்சு ஒன்று சிப்பிக்குள் தங்குவதால்தான் நல்ல முத்து விளைகிறது என்பது அதில் கண்ட ஒரு முடிவு. நடுவிலே 1905இல் எட்டுக் கோடிக்கு மேல் சிப்பி எடுத்தார்கள். லண்டனில் முதல் போட்டவர்களுக்கு இதற்கு மேல் என்ன திட்டாந்தம் வேண்டும்? 1906இல் ஒரு கம்பெனி இருபது வருஷத்துக்குக் குத்தகை எடுத்தது. 1907க்குப் பிறகு அந்தக் கம்பெனிக்குக் குளிக்கச் சிப்பி இல்லை. குத்தகைக் காலம் முடியுமுன் கம்பெனி முடிந்தது. நாடாப்புழு வாதத்தையும் 1912இல் ஜேம்ஸன் என்பவர் ஆட்சேபித்துவிட்டார்.

கடல் ஏமாற்றிவிட்டது என்று சொல்ல முடியாது. அதே இலங்கையில் 1837க்குப் பிறகு 1855 வரை ஒரு குளிப்பும் நடக்கவில்லை என்பது அரசாங்கக் கணக்கிலேயே இருந்தது. எதிராளியின் தாளில் முதல் வரியாக வந்திருக்க வேண்டிய விஷயம் அது. பேராசிரியரின் மேல் எனக்குக் குறையில்லை. அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு, இல்லை என்று சொல்லக்கூடியவனை ஒரு நாள் கூப்பிட்டுக் கேட்காமல் பணத்தைப் போட்டார்களே, அவர்களைச் சொல்கிறேன்.

இவ்வளவும் ஒரு பள்ளிக்கூடப் பரிசுக்கா என்று கேட்கலாம். நடுவர் மேஜையில் என்னிடம் அப்படித்தான் கேட்டார்கள். இது தூத்துக்குடி. 2018 மே 22ஆம் தேதி, தாமிர ஆலையை மூடச் சொல்லி ஆட்சியர் அலுவலகத்தை நோக்கிப் போன ஊர்வலத்தின் மேல் துப்பாக்கிச் சூடு நடந்து 13 பேர் போன ஊர். அந்தப் பிள்ளைகளில் பலருக்கு அந்த நாள் நினைவிருக்கும். துறைமுகம், அனல் நிலையம், உப்பளம் என்று இந்தக் கரையில் இன்னும் பேசித் தீர்க்க வேண்டிய வழக்குகள் வரிசையாக நிற்கின்றன. நாளைக்கு மனு எழுதப் போகிறவர்கள் இவர்கள்தான். அந்த மனுவிலும் கொற்கையிலிருந்து கப்பலைக் கிளப்பினால், வாங்குகிற அதிகாரி முதல் பத்தியிலேயே கொட்டாவி விட்டுக் கோப்பில் போட்டுவிடுவார். அவருக்கு அதைவிடச் சௌகரியம் உண்டா?

தமிழாசிரியர் பொறுமையாகக் கேட்டார். "நீங்க சொல்லுதது சரிதான் அண்ணாச்சி. ஆனா மதிப்பெண் அட்டவணையில முன்னுரைக்கு அஞ்சு, முடிவுரைக்கு அஞ்சுன்னு போட்டிருக்கே. அதை நான் எங்க கொண்டு போய் வைக்க?" என்றார். அச்சடித்த தாளுக்கு முன்னால் பவணந்தியாரும் அருணந்தியாரும் என்ன செய்வார்கள்? முதல் பரிசு வேறொரு பையனுக்குப் போயிற்று. அவன் கட்டுரையில் கப்பல் ரோமாபுரி போய்த் திரும்பியும் வந்தது. அந்தப் பெண்ணுக்கு ஆறுதல் பரிசு, என் பிடிவாதத்துக்காக.

விழா முடிந்து வெளியே வந்தபோது அவள் படிக்கட்டில் நின்றிருந்தாள். "ஸார், என் கட்டுரையில என்ன தப்பு?" என்று கேட்டாள். சட்டகத் தகராறு எதையும் நான் சொல்லவில்லை. "தப்பு ஒன்றுமில்லை அம்மா. கடைசியில் ஏன் அப்படிப் பாதியில் நிறுத்திவிட்டாய்?" என்றேன். அவள் எழுதிய கடைசி வாக்கியம், பாரில் சிப்பி இல்லையென்றால் சங்கு குளிக்கிறவர்களுக்கு வேறு என்ன பிழைப்பு என்று அவர்கள் திருப்பிக் கேட்பார்கள் என்பது.

"அவங்க அதைத்தான் ஸார் கேப்பாங்க. எங்க மாமாவே கேப்பாங்க. அதுக்கு எனக்குப் பதில் தெரியல. அதான் நிறுத்திட்டேன்" என்றாள்.