அலைவுகாட்டி: அளவறிந்து வாங்குக

மின்னலையைக் கண்ணுக்குப் புலப்படுத்துவது ஆசிலாஸ்கோப் எனும் அலைவுகாட்டி. ஜெர்மானிய அறிஞர் பிரவுன் 1897இல் படைத்த கேத்தோடு கதிர்க்குழாயே அதன் தாய். இன்று அதனை வாங்க விழையும் மாணவர் பலர் பட்டை அகலத்தின் பெரிய எண்ணையே நாடுகின்றனர். அது வீண்செலவு என்பதே எம் கருத்து.

50 மெகாஹெர்ட்ஸ் கருவியில் அதே அதிர்வெண் அலையின் உயரம் சுமார் 70 விழுக்காடாகக் குறைந்தே தெரியும். ஆதலின் சதுர அலையைச் செவ்வையாகக் காண, அதன் அதிர்வெண்ணைப்போல் 5 மடங்கேனும் பட்டை அகலம் வேண்டும். ஒலிப்பெருக்கிச் சுற்றுகளையும் எளிய நுண்கட்டுப்படுத்திகளையும் பயில்வோர்க்கு இரு தடங்களும் 50 மெகாஹெர்ட்சுமே போதும். மிஞ்சும் பணம் நல்ல புரோப்புகளுக்கு ஆகட்டும். ஒருவரால் இயலாததை நால்வர் கூடி வாங்கலாம். பெற்றோர் வியர்வையை மதிப்பதும் கல்வியே அன்றோ!