கல்லறையிலுமா சாதிச் சுவர்?

புனித தேவசகாயம் 1745-இல் திருமுழுக்குப் பெற்ற ஊர் நெல்லைச் சீமையின் வடக்கன்குளம். சாதி பாராது பழகிய அம்மறைசாட்சியின் ஊரிலேயே, 1872-இல் எழுந்த திருக்குடும்ப ஆலயத்துக்குப் பீடம் ஒன்று; மக்கள் நிற்கும் கூடங்கள் இரண்டு; இடையே சுவர். கால்சட்டையின் இரு கால்களை ஒத்த அவ்வமைப்பைக் கட்டடக்கலைப் புதுமை என வியப்போர் உளர். சாதிக்குச் சுண்ணாம்பும் கல்லும் கொண்டு எழுதிய சாசனம் என்பேன் நான்.

1910-இல் இயேசு சபைத் துறவி கௌசானல் அடிகளார் அச்சுவரை இடித்தார். தனியிடம் கோரித் தொடுக்கப்பட்ட வழக்கைச் சென்னை உயர்நீதிமன்றமும் ஏற்கவில்லை.

ஆலயச் சுவர் வீழ்ந்து நூறாண்டு கடந்தும், தமிழகத்தின் பங்குகள் சிலவற்றில் கல்லறைத் தோட்டங்கள் இன்னும் இரண்டாகவே உள்ளன. “முன்னோர் மரபு, கைவைத்தால் ஊர் அமைதி குலையும்” என்கின்றனர். வடக்கன்குளத்திலும் அன்று எதிர்ப்பு மூண்டது. ஆயினும் ஆலயம் நிலைத்தது, சுவர்தான் மறைந்தது. தலித் மக்களின் அவமானத்தை விலையாகக் கொடுத்து வாங்குவது அமைதியாகுமா?

ஒரே திருமுழுக்கில் பிறந்தோர், ஒரே உயிர்ப்பை எதிர்நோக்கித் துயில்வோர். அவர்களிடையே வேலி எதற்கு? நம் ஆயர்கள் துணியட்டும்: பிரிந்து கிடக்கும் கல்லறைத் தோட்டத்துக்கு நவம்பர் 2-இல் மந்திரிப்பு இல்லை என அறிவிக்கட்டும்!