சுமையும் கொடையும்



குருமடத்தில் இலத்தீன் பயின்ற நாள்களில், சமூகத்தைக் குறிக்கும் 'கொம்மூனித்தாஸ்' என்ற சொல்லை நானே பிரித்துப் பொருள் கொண்டேன். 'கும்' என்றால் உடன். 'ஊனுஸ்' என்றால் ஒன்று. எனவே ஒன்றாயிருப்பதே சமூகம். இதை எத்தனை மறையுரைகளில் முழங்கினேன் என்பதற்குக் கணக்கில்லை.

பின்னாளில் அகராதியைப் புரட்டியபோதுதான் என் பிழை விளங்கிற்று. சொல்லின் பிற்பகுதி 'ஊனுஸ்' அன்று, 'மூனுஸ்'. ஒருவர் ஏற்கும் கடமை, வகிக்கும் பதவி, பிறர்க்கு அளிக்கும் கொடை ஆகிய மூன்றையும் உரோமர் இவ்வொரு சொல்லால் குறித்தனர். முதலாம் நற்கருணை மன்றாட்டின் இலத்தீன் மூலத்தில் நம் காணிக்கைகளைச் சுட்டும் 'மூனெரா' இதன் பன்மையே. கடமையில் உடன்பங்கு உடையவன் 'கொம்மூனிஸ்'. அதினின்று விலக்குப் பெற்றவன் 'இம்மூனிஸ்'. உரோமைப் படையில் எழுத்தர், கொல்லர், நில அளவையர் போன்றோர் கடின வேலைகளிலிருந்து விலக்கப்பட்டு இப்பெயர் பெற்றிருந்தனர். மருத்துவர் கூறும் 'இம்யூனிட்டி'யும் இவ்வழி வந்ததே. ஆக, சமூகத்திற்கு எதிர்ச்சொல் பிரிவினை அன்று, விலக்கு.

கி.மு. 186இல் பாக்குஸ் வழிபாட்டினரை ஒடுக்க உரோமை ஆட்சிமன்றம் ஆணை பிறப்பித்தது. அதனைத் தாங்கிய வெண்கலத் தகடு 1640இல் தென் இத்தாலியிலுள்ள திரியோலோவில் கிடைத்தது. இன்று வியன்னாவில் உள்ளது. அதில் 'கொம்மூனிஸ்' பழைய வடிவில் வருகின்றது. எதைக் குறித்துத் தெரியுமா? பணத்தை! அவ்வழிபாட்டினர் பொதுப்பணம் வைத்திருத்தலாகாது என்பது ஆணை. பொதுவில் பணம் சேர்ப்போர் ஒருவர்க்கொருவர் கடமைப்பட்டவராகின்றனர் என்பதை ஆட்சிமன்றத்தார் நன்கு அறிந்திருப்பர் போலும்.

தமிழில் நாம் இதற்காக அகராதியைத் தேடவும் வேண்டியதில்லை. நம் கோவிலைச் சேர்ந்த மக்களைப் 'பங்கு' என்றே அழைக்கின்றோம்.

நான் முதன்முதல் பணியாற்றிய பங்கில், கோவில் கட்டடக் கணக்கைக் கேட்டு ஒருவர் எழுந்தார். அக்கட்டடத்திற்குக் கல் சுமந்தவர் அவர். "சமூகம் என்றால் ஒன்றாயிருப்பது, பிரிவினை வேண்டாம்" என்று சொல்லி அமர்த்திவிட்டேன். அமைதி நிலவியது. அதில் எனக்குப் பெருமையும் இருந்தது.

சென்ற தவக்காலத்தில் அவர் இல்லம் சென்று, சொல்லின் பொருளையும் என் தவற்றையும் எடுத்துரைத்தேன். அவர் பொறுமையாகக் கேட்டார். காப்பி வந்தது. பிறகு மெல்ல வினவினார்:

"அப்படியானால் அந்தக் கணக்கை இப்போதாவது வாசிப்பார்களா, சாமி?"