மேலிருந்து வந்ததா, கீழிருந்து வந்ததா?

போடியிலிருந்து சிலமலை, தேவாரம் பக்கம் போகிறவர்களுக்கு மேற்குத் தொடர்ச்சி மலை கூடவே வரும். அந்த வரிசையில் பொட்டிபுரத்தை ஒட்டி நிற்பது அம்பரப்பர் மலை. 'நியூட்ரினோ' என்ற சொல் தேனி மாவட்டத்து டீக்கடை பெஞ்சு வரை வந்தது இந்த மலையால்தான். மலையைக் குடையலாமா, கூடாதா என்று ஊரே பேசிவிட்டது. குடைந்து உள்ளே வைக்கத் திட்டமிட்ட கருவியின் மூளையைப் பற்றித்தான் யாரும் அதிகம் பேசவில்லை.

கருவியின் உடம்பு பிரம்மாண்டம். 50,000 டன் இரும்பு. 5.6 செ.மீ. தடிமனில் தகடு மேல் தகடாக அடுக்கி, 150 இடைவெளிகளில் கண்ணாடியாலான உணர்கருவிகளைச் செருக வேண்டும். மொத்தம் 28,800. ஒவ்வொன்றிலும் 128 சிக்னல் பட்டைகள். பெருக்கினால் 36 லட்சத்தைத் தாண்டும்!

எப்போதாவது ஒரு நியூட்ரினோ இரும்பில் மோதும். அதிலிருந்து 'மியூவான்' என்ற துகள் கிளம்பி, கிட்டத்தட்ட ஒளியின் வேகத்தில் அடுக்குகளைத் துளைத்துக்கொண்டு ஓடும். கடக்கும் அடுக்கிலெல்லாம் ஒரு சின்ன மின்துடிப்பு. அது எந்த நேரத்தில் வந்தது என்று குறித்துக்கொள்வதுதான் சிப்பின் வேலை.

நேரம் எதற்கு? மேலிருந்து வரும் நியூட்ரினோ, காற்று மண்டலத்தில் பிறந்து சில பத்து கிலோமீட்டர்தான் பயணித்திருக்கும். கீழிருந்து வருவது, பூமியின் மறுபக்கத்தில் பிறந்து 12,000 கிலோமீட்டருக்கு மேல் கடந்து வந்திருக்கும். அந்த நெடும்பயணத்தில் அது வகை மாறிவிடுகிறது. ஜப்பானின் சூப்பர் காமியோகாண்டே குழு 1998-ல் இரண்டையும் ஒப்பிட்டுத்தான் நியூட்ரினோவுக்கு எடை உண்டு என்று காட்டியது. அதற்காக 2015-ல் தகாகி கஜிதாவுக்கு நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. ஆக, மேலா கீழா என்று தெரியாவிட்டால் இத்தனை இரும்பும் வீண்.

இப்போது கணக்கைப் பாருங்கள். ஒரு நொடியை நூறு கோடியாகப் பிரித்தால் ஒரு பங்கு, நானோ நொடி. அதற்குள் ஒளி ஓடுவது 30 செ.மீ. பத்து அடுக்குகளின் உயரம் சுமார் ஒரு மீட்டர். மியூவான் அதைக் கடக்க மூன்றே கால் நானோ நொடி போதும். ஒயருக்குள் சிக்னலோ அவ்வளவு வேகமாக ஓடாது. ஒரு மீட்டருக்கு 5 நானோ நொடி எடுத்துக்கொள்ளும். மேல் அடுக்கின் ஒயர் மட்டும் ஒரு மீட்டர் நீளமாகிப்போய், அதைக் கணக்கில் கழிக்காமல் விட்டால்? மேலிருந்து இறங்கிய துகள், கீழிருந்து ஏறியதாகப் பதிவாகிவிடும்.

ஒயரைச் சரிசெய்தாலும் சிப்புக்கென்று தனிப் பிடிவாதம் உண்டு. போடியில் ஏலக்காய் மூட்டையைத் தராசில் வைத்தால், எண் ஆடி நின்ற பிறகுதான் எடையை எழுதலாம். எழுதி முடிக்கும்வரை மூட்டையைத் தூக்கவும் கூடாது. சிப்பும் அப்படித்தான். அதன் கடிகாரம் துடிப்பதற்குச் சற்று முன்பே சிக்னல் வந்து நிலைத்திருக்க வேண்டும். துடித்த பிறகும் கொஞ்ச நேரம் அசையாமல் இருக்க வேண்டும். தவறினால் சிப் பூஜ்யத்தை ஒன்றாகவும் படிக்கும், ஒன்றைப் பூஜ்யமாகவும் படிக்கும். உங்கள் போனில் குரலைக் கையாளும் 'டிஜிட்டல் சிக்னல் பிராசஸர்' வரைக்கும் இதே சட்டம்தான்.

அடுத்தது மின்சாரம். உள்ளே 1.2 வோல்ட், வெளிக் கால்களில் 3.3 வோல்ட் என்று அளந்து கொடுக்க வேண்டிய சிப்புகள் உண்டு. தயாரிப்பாளர் தரும் அட்டவணையில் இரண்டு எல்லைகள் இருக்கும். ஒன்று, நம்பி வேலை வாங்கலாம் என்பது. மற்றது, தாண்டினால் செத்துப்போகும் என்பது. இரண்டாவதைப் பார்த்துவிட்டு, 'அதுவரைக்கும் தாங்குமே' என்று நினைப்பவர்கள்தான் சிப்பைக் கருக்குகிறார்கள். சாகாவிட்டாலும் சிக்கல்தான்: வோல்டேஜ் இறங்கினாலோ சூடு ஏறினாலோ பெரும்பாலான சிப்புகள் மந்தமாகிவிடும், நேரக் கணக்கும் நழுவும். இங்கோ உணர்கருவிக்குக் கொடுப்பது சுமார் 10,000 வோல்ட்! அதன் பக்கத்திலேயே 3 வோல்ட் சிப் பிழைத்திருக்க வேண்டும். பாபா அணு ஆராய்ச்சி மையம் இதற்கென்றே 'அனுஸ்பர்ஷ்' என்ற சிப்பை வடிவமைத்தது.

சில நானோ நொடிக்கு இவ்வளவு அலட்டலா என்பவர்களுக்கு ஒரு இத்தாலிக் கதை. செர்ன் ஆய்வுக்கூடத்திலிருந்து 730 கி.மீ. தள்ளியிருக்கும் கிரான் சாஸோவுக்கு வந்த நியூட்ரினோக்கள், ஒளியைவிட 60 நானோ நொடி முந்தி வந்ததாக 2011 செப்டம்பரில் ஓபரா குழு அறிவித்தது. ஐன்ஸ்டைன் தோற்றுவிட்டார் என்று உலகப் பத்திரிகைகள் துள்ளின. அடுத்த ஆண்டு முக்கியக் காரணம் தெரிந்தது: சரியாகச் செருகப்படாத ஒரு ஒளியிழை கேபிள்.

பொட்டிபுரம் திட்டத்துக்கு மத்திய அமைச்சரவை ஒதுக்கியது சுமார் 1,500 கோடி ரூபாய். தண்ணீர், மலை, மதிகெட்டான் சோலை, புலிகளின் வழித்தடம் என்று மக்கள் எழுப்பிய கேள்விகள் எதுவும் அற்பமல்ல. அனுமதிக்க முடியாது என்று 2022-ல் தமிழக அரசு உச்ச நீதிமன்றத்தில் சொல்லிவிட்டது.

மதுரையில் மட்டும் இதன் குட்டி வடிவம், 85 டன்னில், தரைக்கு மேலேயே கட்டப்பட்டிருக்கிறது. அங்கே மலை மறைப்பு இல்லாததால் வானத்திலிருந்து மியூவான்கள் மழையாய்க் கொட்டும். கிட்டத்தட்ட எல்லாமே மேலிருந்து இறங்குபவை. அவற்றில் கணிசமான எண்ணிக்கை கீழிருந்து வந்ததாகக் கருவி காட்டினால், பார்க்க வேண்டியது வானத்தை அல்ல, கடிகாரத்தை!