கட்டாய ராஜினாமாவைத் தடுத்து, சமரசப் பேச்சை 45 நாளில் முடிக்கக் கோரும் மனு

அனுப்புநர்:
ஆயத்த ஆடைத் தொழிலாளர் சங்க நிர்வாகிகள்,
பொம்மனஹள்ளி, பெங்களூரு.

பெறுநர்:
தொழிலாளர் ஆணையர் அவர்கள்,
கர்நாடக அரசு தொழிலாளர் துறை,
கார்மிக பவன், பன்னேர்கட்டா சாலை, பெங்களூரு.

மதிப்பிற்குரிய ஆணையர் அவர்களுக்கு,

ஓசூர் சாலை, பீன்யா, மைசூரு சாலை வட்டாரங்களின் ஆடைத் தொழிற்சாலைகளில் தையல், கட்டிங், செக்கிங் வேலை பார்ப்பவர்கள் சார்பில் இம்மனுவை அளிக்கிறோம். எங்களில் பெரும்பாலோர் பெண்கள்.

எங்கள் லைன்களில் தகராறு பெரும்பாலும் சிறியதாகவே தொடங்குகிறது. டார்கெட் குறைந்ததற்கு சூப்பர்வைசர் கேவலமாகப் பேசியிருப்பார். பிள்ளைக்குக் காய்ச்சல் என்று ஒருத்தி இரண்டு நாள் வராமல் இருந்திருப்பாள். மறுநாள் அவளைக் கேட்டில் நிறுத்தி, எச்.ஆர். அறைக்கு அழைத்து, ஒரு தாளில் கையெழுத்துக் கேட்கிறார்கள். போட்டால்தான் பாக்கிச் சம்பளமும் பி.எஃப். பணமும் கிடைக்கும் என்கிறார்கள். அந்தத் தாள் ராஜினாமாக் கடிதம். ஓசூர் பக்கமிருந்து வரும் பெண்களும் ஒடிசாவிலிருந்து வந்த பெண்களும் தங்களுக்கு வாசிக்கத் தெரியாத மொழியில் எழுதப்பட்ட இந்தத் தாளில் கையெழுத்திட்டுவிட்டுப் போகிறார்கள். பணிக்கொடைக்குரிய ஐந்தாண்டு நிறையும் முன் ராஜினாமா வாங்கி, பிறகு புதிய ஆளாகச் சேர்த்துக்கொள்வதும் நடக்கிறது.

சமரச அதிகாரி முன் நிர்வாகம் நீட்டுவதும் அதே தாள்தான். குற்றச்சாட்டுக் குறிப்பாணையோ உள்விசாரணையோ இல்லாமல் ஒருவர் வேலையிழந்தது அங்கே 'தானாக விலகியது' ஆகிவிடுகிறது. பிறகு வாய்தா மேல் வாய்தா. முடிவெடுக்கும் அதிகாரம் இல்லாத ஒருவரை நிர்வாகம் அனுப்புகிறது. அவர் அடுத்த தேதி வாங்கிப் போகிறார். ஒவ்வொரு தேதிக்கும் கூலியை இழப்பவர் தொழிலாளி மட்டுமே.

குறை சொல்ல இடமில்லாதபோது என்னவாகும் என்பதை இந்நகரம் 2016 ஏப்ரலில் கண்டது. பி.எஃப்.பில் நிர்வாகத்தின் பங்கை 58 வயதுவரை எடுக்க முடியாது என்ற மத்திய அரசின் அறிவிப்பை எதிர்த்து, 18, 19 தேதிகளில் பல்லாயிரம் பெண்கள், எந்தச் சங்கமும் அழைக்காமல், ஓசூர் சாலையில் இறங்கினார்கள். தடியடியும் கண்ணீர்ப்புகையும் வந்தன. 19ஆம் தேதியே அறிவிப்பு கைவிடப்பட்டது. வேலை போன வீட்டில் கைக்கு எட்டும் சேமிப்பு அந்தப் பணம் ஒன்றுதான் என்பதாலேயே அவ்வளவு கோபம். 2020 ஜூனில் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் 1,200க்கும் மேற்பட்டோரை ஓர் ஆடைத் தொழிற்சாலை வெளியேற்றியபோது, தொழிலாளர்கள் வாரக்கணக்கில் ஆலையிலேயே போராடினார்கள். சங்கத்துடன் உட்கார்ந்து பேசிய பிறகே, 2021 பிப்ரவரியில், வேலையைத் திருப்பித் தரும் ஒப்பந்தம் கையெழுத்தானது.

2025 நவம்பர் 21 முதல் நடைமுறையில் உள்ள தொழில் உறவுச் சட்டத் தொகுப்பு, சமரசத்தை 45 நாளில் முடிக்கச் சொல்கிறது. அதே சட்டம், பணிநீக்கத்தை எதிர்க்க முன்பிருந்த மூன்றாண்டுக் கெடுவை இரண்டாண்டாகக் குறைத்தும் விட்டது. தாமதம் இனி எங்களுக்கு முன்னைவிடக் கொடியது. எனவே 45ஆம் நாளில் சமரசம் கூடவில்லையென்றால் தோல்வி அறிக்கையை அன்றே எழுதி, பிரதியைத் தொழிலாளி கையில் கொடுக்க வேண்டும். தீர்ப்பாயத்துக்குப் போக அவருக்குள்ள 90 நாள் அந்த அறிக்கை கிடைத்த நாளிலிருந்துதான் தொடங்குகிறது. எழுத்துமூல அதிகாரம் இல்லாத நிர்வாகப் பிரதிநிதிக்கு வாய்தா தரக் கூடாது.

ராஜினாமா குறித்துத் தகராறு எழுந்தால், மூலக் கடிதம், வருகைப் பதிவு, கணக்கு முடித்த விவரம் மூன்றையும் முதல் அமர்விலேயே நிர்வாகம் காட்ட வேண்டுமென்று சுற்றறிக்கை வெளியிடக் கோருகிறோம். தொழிலாளி வாசிக்கும் மொழியில் இல்லாத கடிதத்தை விருப்ப ராஜினாமாவாக ஏற்கக் கூடாது. இதுவே எங்கள் முதன்மைக் கோரிக்கை.

20 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் ஆலைகளில் குறைதீர் குழு உண்மையில் இயங்குகிறதா, அதில் பெண்கள் தங்கள் எண்ணிக்கைக்கேற்ப இருக்கிறார்களா என்று ஆய்வாளர்கள் தொழிலாளர்களையே கேட்டு அறிய வேண்டும். உறுப்பினர் பெயர்களைக் கன்னடம், தமிழ், தெலுங்கு, இந்தியில் கேட்டருகே ஒட்டச் செய்ய வேண்டும். பொம்மனஹள்ளியிலும் பீன்யாவிலும் மாதம் ஒரு ஞாயிறு சமரச முகாம் நடத்தினால் கூலி இழக்காமல் வர முடியும்.

இக்கோரிக்கைகளின் மேல் எடுக்கப்படும் நடவடிக்கையை எழுத்துமூலம் தெரிவிக்குமாறும், சங்கப் பிரதிநிதிகளை நேரில் அழைத்துப் பேசுமாறும் வேண்டுகிறோம்.

இப்படிக்கு,
தலைவர், செயலாளர் மற்றும் உறுப்பினர்கள்