யாருக்குக் கிடைக்குது இந்த நடை?

அக்குறணையில பஸ்ஸை விட்டு இறங்கினா நடக்கத்தான் தோணும். ஏ9 வீதியின் ரெண்டு பக்கமும் கடைகள். பின்னேரமானா கொத்துச் சத்தம், பிளேன்டீ. கொஞ்சத் தூரத்தில் கண்டி: வாவியைச் சுற்றி ஒரு நடை, அப்பால் பேராதனைப் பூங்காவில் குடைக்குள் காதலர்கள்.

அந்தக் குடைக்குள் ரெண்டு பொடியன்மார் இருந்தா?

வெள்ளைக்காரன் 1883இல் கொண்டுவந்த தண்டனைச் சட்டக்கோவையின் 365, 365அ பிரிவுகள் தன்பாலுறவை இன்னும் குற்றமாகவே வைத்திருக்கின்றன. 1995இல் 365அவைத் திருத்தினார்கள். நீக்க இல்லை, பெண்களையும் உள்ளே இழுக்க! இதைக் குற்றமற்றதாக்கும் சட்டமூலம் அரசியலமைப்புக்கு முரணில்லை என்று 2023 மே மாதம் உயர் நீதிமன்றம் சொன்னது. அதோடு பேச்சு நின்றுவிட்டது.

"மார்க்கத்தில இதுக்கு இடமில்லையே" என்பார்கள். அந்த விவாதம் தனியே நடக்கட்டும். ஆனால் 2018 மார்ச்சில் திகன வன்முறையின்போது, நாங்கள் யார் என்பதற்காகவே சொந்த வீதியில் இறங்கப் பயந்தோமே, அந்தப் பயத்தை இன்னொருவருக்கு எப்படிக் கொடுப்பது?

வானவில் கொடி கட்டச் சொல்லவில்லை. கடைக்கு வரும் பால்புதுமையினரை முறைக்காமல், "இது ஆணா பெண்ணா" என்று காதுபடக் கேட்காமல் பிளேன்டீயை வையுங்கள். வோட்டுக் கேட்டு வருபவரிடம் 365ஐப் பற்றியும் கேளுங்கள். எல்லாரும் பயமில்லாமல் நடந்தால்தான் அது நல்ல தெரு.