திவால் யாருக்கு?



மஞ்சள் கடுதாசி கொடுத்தவனைப் பற்றி ஊர் நாலு விதமாகப் பேசும். ஊதாரி என்பார்கள், சாமர்த்தியம் போதாது என்பார்கள். அவன் தொழில் நடத்திய வட்டாரத்தின் நிலைமை என்ன என்று யாரும் கேட்பதில்லை.

பாலக்காட்டை அடுத்த கஞ்சிக்கோட்டைப் பாருங்கள். பல ஆலைகள் உண்டு, ரயில் உண்டு, வாளையாறு தாண்டினால் கோவை. ஓர் ஆலை மூடினால் தொழிலாளி கஷ்டப்படுவான். ஆனாலும் இன்னோர் ஆலை வாசலில் போய் நிற்கலாம். அவனுக்குப் பற்று எழுதிய மளிகைக்காரரும் தட்டுத் தடுமாறித் தப்பலாம்.

இடுக்கியின் பீர்மேட்டுத் தோட்டங்களில் அந்த வழி இல்லை. அது ரயில் எட்டாத மலை. வேலை, லயத்து வீடு, தோட்டத்து ஆஸ்பத்திரி எல்லாம் ஒரே முதலாளி கையில்! இந்தியத் தேயிலையைப் பெருமளவில் வாங்கிவந்த சோவியத் யூனியன் 1991இல் சிதறியது. 1990களின் கடைசியில் தேயிலை விலை சரிந்தது. 2000இல் பீர்மேடு டீ கம்பெனி தன் தோட்டங்களைக் கைவிட்டது. வேறு சில தோட்டங்களும் மூடின. சம்பளம், சேமநிதி, கிராஜுவிட்டி எல்லாம் பாக்கி. ஜனங்கள் கேட்பாரற்ற கொழுந்தைத் தாங்களே பறித்து விற்று வயிறு கழுவினார்கள். சம்பள நாளை நம்பிக் கடன் கொடுத்த கடைக்காரருக்கு, சம்பளமே இல்லாதபோது பற்று எப்படி வரவாகும்?

எல்லாப் பழியையும் சந்தையின் மேல் போட நாம் தயாரில்லை. நல்ல விலை கிடைத்த நாளில் லாபம் எடுத்தவர்கள், கிழட்டுச் செடிகளைப் பிடுங்கி மறுநடவு செய்வதில் அந்த அக்கறையைக் காட்டவில்லை. விலை இறங்கியதும் முதலாளி மலையிறங்கினார். ஓய்வு பெற்றவரோ கிராஜுவிட்டி வராமல், ஒழுகும் லயத்தைக் காலி செய்யவும் முடியாமல் கிடந்தார்.

சட்டம் இல்லையா? உண்டு. 2016இன் திவால் சட்டப்படி, கம்பெனி கலைக்கப்பட்டால் தொழிலாளரின் 24 மாதச் சம்பள பாக்கி, ஈட்டுக் கடன் கொடுத்த பாங்கிக்குச் சமமான வரிசையில் நிற்கும். சேமநிதி, கிராஜுவிட்டி நிதிகளைக் கடன்காரர் தொட முடியாது. ஆனால் தோட்டத்தை அப்படியே போட்டுவிட்டுப் போகிறவர் எந்தக் கோர்ட்டுக்கும் வருவதில்லை. நாம்தான் போக வேண்டும். தொழிலாளர் சார்பில் சங்கமே மனுச் செய்யலாம் என்று 2019இல் ஒரு சணல் ஆலை வழக்கில் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2020 முதல் பாக்கி ஒரு கோடி ரூபாய்க்குக் குறையக்கூடாது என்று ஆக்கிவிட்டார்கள். தனி ஆளுக்கு அது எட்டாது. ஒரு தோட்டமே சேர்ந்தால் எட்டும்.

ஆகவே சம்பளச் சீட்டையும் சேமநிதி எண்ணையும் பத்திரப்படுத்துங்கள். செக்ரோலில் பெயர் விழுகிறதா என்று பாருங்கள். இரண்டு மாதச் சம்பளம் நின்றால் மூன்றாம் மாதம் வரை காத்திராமல் சங்கத்துக்குச் சொல்லுங்கள். ஒரே பயிரை நம்பிய மலைக்கு மாற்றுத் தொழிலும், லயத்தில் இருப்பவனுக்குச் சொந்த வீட்டு மனையும் அரசிடம் கேட்போம். அடுத்த விலைச் சரிவு வருமுன் கேட்போம்.

சங்கமாய்ச் சேர்வோம்!